டிக்கியில் நாலு ஓட்டை: நைட்ரஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறேன். 2016 மஸ்டாங் ஜி.டி. ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறேன். விற்பவர் தனி ஆள், டீலர் இல்லை. டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தபோது தரையில் நாலு ஓட்டை, ஒவ்வொன்றிலும் கறுப்பு ரப்பர் மூடி. கேட்டால், "சப்-வூஃபர் பெட்டி வைத்திருந்தேன்" என்கிறார். வண்டி விஷயம் தெரிந்த நண்பன், "இது நைட்ரஸ் அடித்த வண்டி, தொடாதே" என்கிறான். யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். ஒரு அளவு டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.

நைட்ரஸ் என்பது இன்ஜினுக்குக் கூடுதல் சக்தி கொடுக்கப் பாட்டிலில் அடைத்து ஊட்டும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு. அதற்கான கிட்டில் பரவலாக வருவது 10 பவுண்டு பாட்டில். குறுக்களவு ஏறக்குறைய 7 அங்குலம், நீளம் 20 அங்குலம். அதை இரண்டு பட்டைகள் பிடித்திருக்கும், பட்டைக்கு இரண்டு போல்ட். ஆக நாலு ஓட்டை, ஜோடி ஜோடியாக. பாட்டிலைப் பெரும்பாலும் வால்வு முன்பக்கம் பார்க்கப் படுக்க வைப்பார்கள். வண்டி சீறிப் பாயும்போது உள்ளே இருக்கும் திரவம் பின்னால் ஓடும், உறிஞ்சுக் குழாயின் வாய் அங்கேதான் இருக்கும். அதனால் உங்கள் நாலு ஓட்டைகளில் ஒரு ஜோடி முன்னேயும் ஒரு ஜோடி பின்னேயும், ஒரு பாட்டில் நீளத்துக்குள் இருந்தால் நண்பர் பக்கம் ஒரு புள்ளி. சப்-வூஃபர் பெட்டிக்குத் தரையைத் துளைத்து போல்ட் போடுகிறவர்கள் குறைவு. நாலு ஸ்க்ரூ, இல்லையென்றால் ஒரு பட்டை, அதோடு சரி.

அப்புறம் ஐந்தாவது ஓட்டையைத் தேடுங்கள். பாட்டிலிலிருந்து இன்ஜின் வரைக்கும் எஃகுப் பின்னல் போட்ட ஒரு குழாய் போக வேண்டும், கிட்டத்தட்ட சுண்டுவிரல் தடிமன். அது டிக்கியை விட்டு வண்டிக்கு அடியில் இறங்கிய இடத்தில் தனியாக ஓர் ஓட்டை இருந்தே தீரும். சப்-வூஃபருக்கு அது தேவையே இல்லை. கழற்றுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், குழாயைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் டையின் வெட்டிய நுனி ஒன்றிரண்டாவது பிரேக் லைன் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

பானெட்டைத் திறந்தால், ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் பாடிக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) வரும் குழாயைக் கையால் சுற்றித் தடவுங்கள், முக்கியமாக அடிப்பக்கம். வாயுவைப் பீய்ச்சும் நாசில் இருந்த இடத்தில் ஒரு சிறிய பித்தளைத் திருகு மூடி தட்டுப்படலாம். குழாயே பளபளவென்று புதிதாக இருந்து மற்றதெல்லாம் பத்து வருடப் பழசாக இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே வெட்டி ஒட்டிய ஒயர், எதற்கென்றே தெரியாத ஒரு சுவிட்ச் ஓட்டை, இவையும் கணக்கில் வரும்.

இவ்வளவு பார்த்தும் நைட்ரஸ் இருந்தது என்று தெரியவந்தால், வண்டி குப்பையா? இல்லை. இந்த இடத்தில் உங்கள் நண்பரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது. சிலிண்டருக்குள் 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் உடைந்து ஆக்சிஜனை விடுகிறது. காற்றில் எடைக்கணக்கில் 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் இதில் 36 சதவீதம். கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏற்ற பெட்ரோலும் சேர்ந்து வந்து, பற்றவைக்கும் நேரத்தையும் கொஞ்சம் பின்தள்ளியிருந்தால் இன்ஜின் தாங்கும். பெட்ரோல் ஒரு நொடி குறைந்தால் போச்சு, பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். அந்த வருட மஸ்டாங்கின் 5.0 லிட்டர் இன்ஜின் கம்பெனிக் கணக்கில் 435 குதிரைசக்தி. அதன் பிஸ்டன்கள் வார்ப்பு, அடித்து உருவாக்கியவை அல்ல. அன்றாட ஓட்டத்துக்கு உழைக்கும், இந்த மாதிரி அடிக்கு வளைந்து கொடுக்காது.

அதனால் ஓட்டையைப் பற்றிய வாக்குவாதத்தை விட்டுவிட்டு, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் 'லீக்-டவுன்' சோதனை கேளுங்கள். எட்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பார்கள். எட்டும் ஒரே மாதிரி, பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஏழு நன்றாக இருந்து ஒன்று மட்டும் இருபத்தைந்து காட்டினால் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வாருங்கள். பிளக் எட்டையும் கழற்றும்போது அவற்றின் வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்பு, அதற்கு நடுவில் வெள்ளி மினுக்கம் தெரிந்தால், அந்த வெள்ளி பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். பிளக்கின் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொன்னதைவிட ஒன்றிரண்டு படி 'குளிர்' பிளக் (சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும் வகை) போட்டிருந்தால், யாரோ எதற்கோ தயார் செய்த வண்டி அது.

அரசாங்கச் சோதனையில் தேறிய வண்டிதானே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். டெக்சஸில் 2025 ஜனவரி முதல் சாதாரணக் கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனையே கிடையாது. உங்கள் காலின் கவுண்டியில் புகைச் சோதனை உண்டு, ஆனால் அது டிக்கியைத் திறந்து பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று. "இந்த வண்டியில் எப்போதாவது நைட்ரஸ் கிட் இருந்ததா?" என்று போனில் கேட்காதீர்கள், மெசேஜில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். தனி ஆள் விற்பனை என்றால் 'அஸ் இஸ்', இருப்பது இருக்கிறபடி என்றுதான் எழுதுவார்கள். ஆனால் தெரிந்தே பொய் சொல்லி விற்றிருந்தால் அந்த ஒரு வார்த்தை அவரை முழுக்கக் காப்பாற்றாது. 20,000 டாலர் வரைக்கும், சிறு வழக்குகளைக் கேட்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் நீங்களே வழக்குப் போடலாம். நான் ஒரு பழைய வண்டி வாங்கி ஏமாந்த கதையில் என்னிடம் இல்லாமல் போனது இந்த ஒரு வரி எழுத்துதான்.

கேள்வி: எனிஸில் இருக்கும் டெக்சஸ் மோட்டார்பிளக்ஸ் பந்தயத் தடத்தில் வார இறுதிகளில் ஓட்டுவேன். 100 குதிரைசக்தி கிட் வாங்கப் போகிறேன். பானெட்டைத் திறந்தாலும் டிக்கியைத் திறந்தாலும் யாருக்கும் தெரியக்கூடாது. ஒரு நண்பர், பாட்டிலுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து தீயணைப்பான் மாதிரி வைத்துவிடலாம் என்கிறார். நல்ல யோசனையா?

பதில்: நான் கேட்டதிலேயே மோசமான யோசனை. ஒருநாள் வண்டியில் புகை வரும். பக்கத்தில் நிற்கும் நல்ல மனுஷன் ஓடிவந்து உங்கள் 'தீயணைப்பானை' எடுத்து நெருப்பின் மேல் திறப்பார். உள்ளே இருப்பது நெருப்புக்குச் சாப்பாடு போடுகிற வாயு. அவர் கையை நினைத்துப் பாருங்கள்.

போட்டிக்காரன் கண்ணிலிருந்து ஒளிப்பது பழைய விளையாட்டுதான், அதைத் தப்பு சொல்ல மாட்டேன். கறுப்புப் பூசிய பின்னல் குழாய், ஏர் குழாயின் அடிப்பக்கம் பார்த்து உட்கார்ந்த நாசில், ஸ்டெப்னி குழியில் மூடி போட்ட பாட்டில் என்று ஆளாளுக்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். ஆனால் விதிமுறை உள்ள பந்தயத்தில் அதிகாரியிடமிருந்து ஒளிப்பது வேறு. 1976 டேடோனா 500 பந்தயத்தின் தகுதிச் சுற்றில் ஏ.ஜே. ஃபாய்ட், டாரல் வால்ட்ரிப் இருவருடைய கார்களிலும் நைட்ரஸ் பிடிபட்டு, அவர்கள் ஓட்டிய நேரமே செல்லாமல் போயிற்று. முன்வரிசை ரமோ ஸ்டாட், டெர்ரி ரயன் என்று யாரும் எதிர்பாராத இருவருக்குக் கிடைத்தது. அவ்வளவு பெரிய ஓட்டுநர்களின் ஆட்கள் ஒளித்ததே கண்டுபிடிக்கப்பட்டது. நீங்கள் ஓட்டும் இடத்தில் தொழில்நுட்பச் சோதனைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் பக்கத்து லேன்காரனிடம் போய்ச் சொல்லப்போவதில்லை.

இப்போது கடையில் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது. ஒளிக்க நினைக்கிறவர்கள் முதலில் மிச்சம் பிடிப்பது, அழுத்தம் மீறினால் பாட்டில் வாயுவை வெளியே விடும் ப்ளோ-டவுன் குழாயைத்தான், ஏனென்றால் அதன் வாய் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். அதை மட்டும் விடாதீர்கள். காரணம் நம் ஊர் வெயில். 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பாட்டிலுக்குள் அழுத்தம் 760 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில் இருக்கும். ஓட்டுவதற்கு 900, 950 வரை சூடாக்குவார்கள். ஏறக்குறைய 97.5 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்றே இருக்காது, அதற்குமேல் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். ஜூலை மாதம் மூடிய டிக்கி எவ்வளவு சுடும் என்று உங்களுக்கே தெரியும். அழுத்தம் 3,000 பி.எஸ்.ஐ. வாக்கில் போனால் வால்வில் உள்ள பாதுகாப்புத் தகடு கிழிந்து, மொத்த வாயுவும் சில நொடிகளில் வெளியேறும். குழாய் இருந்தால் அது வண்டிக்கு அடியில் போய்விடும். இல்லையென்றால் பின்சீட் வழியாக நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வரும், மூச்சு விட இடமில்லாமல் போகும். கூப்பே வண்டியில் டிக்கிக்கும் இருக்கைக்கும் நடுவில் இருப்பது ஒரு அட்டையும் பஞ்சும்தான்.

பாட்டிலைச் சூடாக்கத் தானே அணையும் போர்வை ஹீட்டர் தனியாக விற்கிறது, டிராக் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. சங்கத்தின் விதியும் அதைத்தான் அனுமதிக்கிறது. டார்ச் வைத்துச் சூடாக்கும் ஆட்களை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: பழைய 10 பவுண்டு பாட்டில் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: கழுத்துப் பக்கம் குத்தியிருக்கும் எழுத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 'டாட்' (DOT, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை), '1800' என்ற குறிகளும் கடைசியாக அழுத்தச் சோதனை செய்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சோதனை. தேதி தாண்டியிருந்தால் ஒழுங்கான கடையில் நிரப்பித் தர மாட்டார்கள். சோதனைச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பாதி விலை முக்கால் விலை ஆகிவிடும். மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த எழுத்து தெரிகிறதா என்று இன்னும் கவனமாகப் பாருங்கள். நிரம்பியிருக்கிறது என்று சொன்னால் தராசில் வையுங்கள், காலிப் பாட்டிலின் எடை லேபிளில் இருக்கும்.

கேள்வி: கிட் போட்டது இன்சூரன்ஸுக்கும் வாரண்டிக்கும் தெரியாமல் இருந்தால் போதாதா? சர்வீஸுக்கு விடும் முன் கழற்றிவிடலாமே?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. வாரண்டியில் உங்களுக்கு 1975 முதல் ஒரு சட்டத் துணை இருக்கிறது, மேக்னஸன்-மாஸ் சட்டம். வெளிப் பொருள் மாட்டியதற்காக மட்டும் கம்பெனி கைவிரிக்க முடியாது, அதனால்தான் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். கதவுப் பூட்டு கெட்டால் நைட்ரஸைக் காரணம் சொல்ல முடியாது. பிஸ்டன் உடைந்தால் தாராளமாகச் சொல்வார்கள், நீங்கள் கழற்றிவிட்டுப் போனாலும் உடைந்த பிஸ்டனே பேசும். இன்சூரன்ஸில் அந்தத் துணை கிடையாது. மாற்றங்களை அவர்கள் கேட்டு நீங்கள் இல்லை என்று எழுதியிருந்தால், பெரிய இழப்பு வரும் அன்றைக்கு அதையே காட்டி மறுப்பார்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் என் மச்சானும் இதே பைத்தியம். அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது பெட்டியில் துணிக்கு நடுவில் சுற்றி ஒரு பாட்டில் கொண்டுபோகலாமா?

பதில்: முடியாது. நிரப்பிய அழுத்தப் பாட்டிலைக் கைப்பையிலும் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியிலும் விடமாட்டார்கள். வால்வைக் கழற்றி வாய் திறந்த வெறும் பாட்டிலாகக் கொண்டுபோனாலும், இந்தியாவில் வாயு சிலிண்டர் இறக்குமதிக்குத் தனி உரிமம் கேட்பார்கள். மச்சானுக்கு நல்ல லீக்-டவுன் கருவி ஒன்று வாங்கிப் போங்கள். சட்டைக்கு நடுவில் தாராளமாக வைக்கலாம்.