ஜிம்னியின் பின்கதவில் மடக்கு மேசை பொருத்தலாமா? கதவு தாங்குமா?

கேட்டவர் மாருதி ஜிம்னி கார் வைத்திருக்கிறார். உவரிக் கடற்கரை, செம்மணல் தேரிக்காடு என்று விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு கிளம்புகிறவர். பின்கதவின் உட்புறத்தில் மடக்கி விரிக்கிற மாதிரி ஒரு மேசை வேண்டுமாம். ஆன்லைனில் வாங்குவதா, திருநெல்வேலியிலேயே செய்வதா, துளை போட்டால் கதவு கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் பொருத்தலாம், இங்கேயே செய்யலாம். என் வண்டியில் இருப்பது பேட்டைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையும் எங்கள் தெரு மர ஆசாரியும் சேர்ந்து செய்தது. பட்டறையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, வண்டியில டீக்கடை போடப் போறியளா?" என்று கேட்டார்கள். வீட்டில் ஆச்சிக்கு வேறு கவலை. பத்தமடைப் பாயை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டால் ஆகாதா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தேரி மண்ணில் பாயை விரித்துச் சோற்றைப் பிசைந்து பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்.

முதலில் அளவு. எல்லாரும் கதவின் அகலத்துக்கும் உயரத்துக்கும் பெரிய பலகையாகப் போடத்தான் ஆசைப்படுவார்கள். ஜிம்னியின் பின்கதவு பக்கவாட்டில் திறப்பது. கதவை முழுக்கத் திறந்தால் அதன் உட்புறம் டிக்கியின் வாய்க்கு நேரே பக்கவாட்டில் நிற்கும். அதில் மேசையை விரித்தால் அது டிக்கி வாய்க்குக் குறுக்கே வரும். ஆழம் என்பது கதவிலிருந்து பலகை வெளியே நீளும் அளவு. 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பலகை போட்டால், சாப்பாட்டுக் கூடையை எடுக்க மேசைக்கு அடியில் குனிந்து போக வேண்டும். 60 நீளம், 40 ஆழம் போதும். அதைத் தாண்ட வேண்டாம். அட்டைப் பெட்டியை வெட்டி, கதவில் டேப் போட்டு ஒட்டி, திறந்து மூடிப் பார்த்துவிட்டு ஆசாரியிடம் போங்கள். கதவு மூடும்போது பின்சீட்டின் முதுகிலும், உள்ளே வைக்கிற சாமானிலும் இடிக்கிறதா என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும்.

பலகை எதில் என்பதில் பெரிய குழப்பம் வேண்டாம். அலுமினியம் லேசு என்று ஒரு நம்பிக்கை உண்டு. 60க்கு 40 அளவில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஏறத்தாழ 2 கிலோ வரும். அதே அளவு 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடும் கிட்டத்தட்ட அதே 2 கிலோதான். நம் ஊர் வெயிலில் தகட்டில் கை வைக்க முடியாது, பாத்திரம் வைத்தால் சத்தம் வேறு. நான் பிளைவுட் பக்கம். கடையில் 710 மரைன் பிளை என்று கேட்டு வாங்குங்கள். மேலே மைக்கா ஒட்டலாம். தண்ணீர் நுழைவது ஓரத்தில்தான். அதனால் நாலு ஓரத்துக்கும், துளை போட்ட இடங்களுக்கும் பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு கோட் கட்டாயம்.

இனிதான் முக்கியமான சங்கதி. மேசையின் முன் விளிம்பைக் கதவோடு இழுத்துப் பிடிக்கிற வார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கீலிலிருந்து 40 சென்டிமீட்டர் மேலே வாரைக் கட்டினால் 45 டிகிரி கிடைக்கும். விளிம்பில் ஒருவர் கை ஊன்றிச் சாய்ந்து 40 கிலோ பாரம் போட்டால், வார்களில் மொத்தமாக 57 கிலோ இழுவை வரும். அதே வாரை 15 சென்டிமீட்டர் உயரத்திலேயே கட்டிவிட்டால் இழுவை 114 கிலோ. மனிதர் அவரேதான், பலகையும் அதேதான். கட்டிய இடம் இறங்கியதால் இரண்டு மடங்கு. ஆணி பிடுங்குவதும் தகடு உப்புவதும் இப்படித்தான். கண்ணாடிக்குக் கீழே இடம் எவ்வளவு உயரம் இருக்கிறதோ, அவ்வளவு மேலே கட்டுங்கள். உயரம் கிடைக்காவிட்டால் பலகையின் ஆழத்தைக் குறையுங்கள்.

வாருக்குச் சங்கிலி வேண்டாம், ஓட்டத்தில் கடகடக்கும். பழைய சீட் பெல்ட் நாடா அருமையாக இருக்கும். பாலியஸ்டர் என்பதால் நனைந்தாலும் அதிகம் நீளாது. இரண்டு பக்கமும் நீளம் கூட்டிக் குறைக்கிற பக்கிள் வையுங்கள். வண்டி சாய்வாக நிற்கும்போது மேசையை ஓரளவு சமமாக்க அது உதவும்.

கதவுத் துளை பற்றி: உள்பக்கப் பிளாஸ்டிக் பேனலைக் கழற்றினால் உள்தகடு தெரியும், அதற்குப் பின்னால் வெளித்தகடு. வெளித்தகட்டைத் தொடவே கூடாது. உள்தகடு மெல்லிசு, அதில் நேரடியாகத் திருகாணி போட்டால் நிற்காது. 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றை ஆறு இடத்தில் எம்6 ரிவ்நட் (மெல்லிய தகட்டுத் துளைக்குள் இறுகிப் பிடித்து, போல்ட் திருக மரை கொடுக்கிற நட்) போட்டுக் கதவோடு இறுக்கி, மேசையின் கீலையும் வாரையும் அந்தத் தகட்டில் மாட்டினால் பாரம் பரவிவிடும். துளை போடுமுன் பூட்டின் கம்பி, பின் வைப்பர் மோட்டார், வயர் எல்லாம் எங்கே ஓடுகின்றன என்று டார்ச் அடித்துப் பாருங்கள். போட்டபின் இரும்புச் சீவலைக் காந்தத்தாலும் வேக்குவத்தாலும் முழுக்க எடுங்கள். உள்ளே கிடந்தால் அதுவே துருவுக்கு வித்து. துளை விளிம்புக்குப் பிரைமர் தொட்டுவையுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். உவரி அடிக்கடி போகிறவர் என்பதால் இன்னொன்று: உப்புக்காற்றில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள்.

கதவு தாங்குமா? அந்தக் கதவு ஏற்கெனவே ஸ்டெப்னியைச் சுமக்கிறது. மேசையும் தகடும் சேர்ந்து 4 கிலோவுக்குள் நின்றால் பயமில்லை. மேசைமேல் 20 லிட்டர் தண்ணீர் கேனை ஏற்றக் கூடாது. பிள்ளைகளை உட்காரவைக்கவும் கூடாது. அவ்வளவுதான்.

மூடி வைக்கும்போது ட்ரங்குப் பெட்டியில் வருகிற மாதிரி இழுத்து மாட்டும் கொக்கி இரண்டு போதும். டவர் போல்ட் ஆடும். பலகை படுகிற இடத்தில் கதவு ரப்பர் பட்டை ஒட்டினால் சத்தம் வராது.

காற்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற மேல்காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கமெல்லாம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? விரித்த மேசையோடு நிற்கிற கதவில் அந்தக் காற்று பட்டால், சாம்பார்ச் சட்டியோடு சேர்த்து அறைந்து மூடும். அந்த மாதங்களில் வண்டியின் மூஞ்சியை மேற்கே பார்த்து நிறுத்துங்கள், பின்கதவு மறைவில் இருக்கும். அதோடு நிற்காமல், கதவுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே அளவாக வெட்டிய பைப் ஒன்றை இரண்டு முனையிலும் மாட்டுகிற மாதிரிப் பட்டறையில் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தபடி பிடிக்க அதோடு வருகிற ஸ்டே மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம்.

அடுப்பை இந்த மேசையில் வைக்காதீர்கள். காய் நறுக்க, பரிமாற, காபி ஆற்ற மட்டும் அது. பியூட்டேன் டின் அடுப்பைத் தரையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்குத் தடுப்பு வைத்தாலும் நாலு பக்கமும் மூடாதீர்கள், டின் சூடேறிவிடும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அடுப்பு பற்றவைக்கிற பேச்சே வேண்டாம். மணிமுத்தாறு, பாபநாசம் பக்கம் போகிற அன்றைக்கு வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போய், செக்போஸ்ட்டுக்கு இந்தப்பக்கமே நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

ஆர்.டி.ஓ. தொல்லை வருமா என்று கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைப் பற்றியது. உள்ளே போல்ட் போட்ட, கழற்றி எடுக்கக்கூடிய ஒரு பலகை அதில் சேராது என்பது என் புரிதல். விரித்தபடி மட்டும் ஓட்டாதீர்கள்.

ஆன்லைனில் வாங்குவது தப்பில்லை, துளை அளவு பொருந்தி வரும், ஒரு மாலையில் மாட்டிவிடலாம். ஆனால் விலையைப் பார்க்குமுன் படத்தில் வார் எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். பலவற்றில் அழகுக்காகப் பலகையை ஒட்டியே கட்டியிருப்பார்கள். நமக்கு அது வேண்டாம். அப்புறம், ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடே இல்லை. கதவே கீழ்ப்பக்கம் மடங்கி மேசையாகிவிடுகிறது. மேடு பள்ளத்தை மறைக்க ஒரு பிளைவுட் துண்டை அளவாக வெட்டி மேலே போட்டால் முடிந்தது.