நெஞ்சழுத்தம்: முதலுதவிப் பயிற்றுநர் பதிலளிக்கிறார்

கேள்வி (நல்லூர்): இதயம் நின்றுபோன வளர்ந்தவருக்கு நெஞ்சை எவ்வளவு ஆழமாக, எவ்வளவு வேகமாக அழுத்த வேண்டும்?

பதில்: நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில், 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 6 ஐத் தாண்டாமலும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்பும் நெஞ்சை முழுதாக எழ விடுங்கள்.

கேள்வி (கொடிகாமம்): அப்பா வயதானவர். விலா எலும்பு முறிந்துவிடாதா?

பதில்: முறியலாம். முறிந்தால் கை வைத்த இடம் சரிதானா என்று பார்த்துக்கொண்டு தொடருங்கள். எலும்பு பிறகு பொருந்தும். இரத்தம் போகாத மூளையோ சில நிமிடங்களிலேயே பழுதடையத் தொடங்கிவிடும்.

கேள்வி (சாவகச்சேரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): பலமாக அழுத்துவதுதானே உயிர் காக்கும்? நெஞ்சு எழுவதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறீர்கள்?

பதில்: மாஸ்ரர், அழுத்தும்போது இரத்தம் வெளியே போகிறது, நெஞ்சு எழும்போதுதான் உள்ளழுத்தம் குறைந்து, நாளங்களிலிருந்து இரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது. இதயத் தசை தனக்குரிய இரத்தத்தைப் பெரும்பாலும் பெறுவதும் அந்த நேரத்திலேயே. குழாய்க்கிணற்றுக் கைபிடியை முழுதாக உயர்த்தாமல் எவ்வளவு பலமாகக் குத்தினாலும் தண்ணீர் வராதல்லவா? பயிற்சிப் பொம்மையின் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தால், களைத்தவரின் கைக்குக் கீழே நெஞ்சு ஒரு விரல் தடிப்பளவு பள்ளமாகவே நிற்பது தெரியும். அழுத்துபவரோ, தாம் நன்றாகச் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். ஆகவேதான், களைப்புத் தெரியாவிட்டாலும் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்கிறேன்.

கேள்வி (அதே ஆசிரியர்): அப்படியானால் கையை முற்றாக எடுத்துவிடலாமே?

பதில்: எடுத்தால் இடம் மாறிவிடும். கை நெஞ்சில் பட்டபடியே இருக்கட்டும். உங்கள் பாரத்தை மட்டும் எடுங்கள். முழுதாக எழட்டும் என்று வேகத்தை 100 க்குக் கீழே இறக்குவதும் தவறு. 120 ஐத் தாண்டினால் ஆழம் குறைந்துவிடும்.

கேள்வி (மானிப்பாய்): ஆள் மாறும்போதும் மூச்சுக் கொடுக்கும்போதும் எவ்வளவு நேரம் நிறுத்தலாம்?

பதில்: 10 செக்கனுக்கு மேல் வேண்டாம். நிறுத்தியவுடனே இதயத்துக்கான இரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதை மீண்டும் உயர்த்தப் பல அழுத்தங்கள் தேவை. மாறப்போகிறவர் முன்கூட்டியே எதிர்ப்பக்கத்தில் முழந்தாளிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கேள்வி (காரைநகர்): கட்டிலில் வைத்தே செய்யலாமா?

பதில்: மெத்தைதான் அமுங்கும். சீமெந்து நிலத்தில் இறக்குங்கள்.

கேள்வி (வல்வெட்டித்துறை): கடலில் மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுப்பாதையை அடைக்கும். மூழ்கியவருக்குக் குறைவது பிராணவாயு. ஆதலால் முதலில் மூச்சுக் கொடுத்து, பின்பு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று தொடருங்கள்.

கேள்வி (உரும்பிராய்): விலா எலும்பு முறியும் என்கிறார்களே?

பதில்: கொடிகாமத்தவருக்குச் சொன்னதை வாசியுங்கள். இந்தப் பயத்தால் மெதுவாக அழுத்துவதே பெரிய கேடு.

கேள்வி (சுன்னாகம்): மாரடைப்புக்குப் பின் எந்தக் குளிசை நல்லது?

பதில்: அதை உங்கள் கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள்.

கேள்வி (கோப்பாய்): விழுந்தவர் சேடம் இழுத்தால் மூச்சு இருக்கிறதென்று காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். அது மூச்சல்ல. உணர்வின்றி அப்படி இழுப்பவருக்கு உடனே அழுத்தத் தொடங்குங்கள்; மற்றவர் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு உங்கள் பக்கத்தில் வைக்கட்டும்.