ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய புகலிடச் சட்டங்கள் நல்ல சமரசம்தானா?

புகலிடம் கோரி வருபவர்களை யார் ஏற்பது என்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் எட்டு ஆண்டுகளாக இழுபட்ட சண்டைக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறதே, அதை வரவேற்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாடுகளுக்கு இடையிலான சண்டை ஓய்ந்ததை நானும் வரவேற்கிறேன். எதை விட்டுக்கொடுத்து அதை ஓய வைத்தார்கள் என்பதுதான் என் கவலை.

ஜேர்மனியில் தஞ்சம் கோரிய நம்மவர்களிடம் ‘டப்ளின் கேஸ்’ என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது. முதலில் கைரேகை பதிந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. அந்த விதியால் சுமை முழுவதும் கடலோர நாடுகளின் தலையில் விழுந்தது. 2015இல் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் வழியாக வந்தபோது, இத்தாலியிலும் கிரேக்கத்திலும் இருந்து 1,60,000 பேரைப் பகிர்ந்துகொள்வதாக ஒன்றியம் முடிவெடுத்தது. கடைசியில் இடம் மாறியவர்கள் சுமார் 35,000 பேர். ஹங்கேரியும் போலந்தும் ஒருவரைக்கூட ஏற்கவில்லை. 2020 செப்டம்பரில் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் இருந்த மோரியா அகதி முகாம் எரிந்து, ஏறக்குறைய 12,000 பேர் தெருவில் படுத்தார்கள். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் புதிய திட்டத்தை முன்வைத்தது அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான்.

உறுப்பு நாடுகளிடையே பேரம் படிந்தது 2023 ஜூன் 8, லக்சம்பர்க்கில். ஆளை ஏற்க விரும்பாத நாடு ஒருவருக்கு 20,000 யூரோ கொடுக்கலாம், அல்லது ஆளணியும் உபகரணமும் அனுப்பி உதவலாம். ஏதாவது ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய ஏற்பாடு இது. ஆனால் அதே மேசையில் எல்லை நடைமுறையும் முடிவானது. எந்த நாட்டவரில் சராசரியாக 20 சதவீதத்துக்கும் குறைவானோருக்கே புகலிடம் கிடைக்கிறதோ, அந்த நாடுகளில் இருந்து வருபவர்களின் விண்ணப்பத்தை, எல்லையிலேயே நிறுத்தி, மேல்முறையீடு உட்பட 12 வாரத்தில் முடித்துவிடுவது. பிள்ளைகளோடு வரும் குடும்பங்களை இதிலிருந்து விலக்கும்படி ஜேர்மனி கேட்டது. உடன்பாடு குலைந்துவிடும் என்றதும் இறங்கி வந்தது. துணையின்றி வரும் சிறுவர்களுக்கு மட்டும் விலக்கு மிஞ்சியது. ஆறு நாள் கழித்து, கிரேக்கத்தின் பைலோஸ் அருகே ஏறக்குறைய 750 பேரோடு ஒரு மீன்பிடிப் படகு மூழ்கியது. உயிர் தப்பியவர்கள் 104 பேர்.

12 வாரம் போதாதா என்று கேட்பவர்களுக்கு, நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தஞ்சம் கோரிய ஓர் அண்ணருக்காக அவருடைய வழக்கறிஞரிடம் மொழிபெயர்க்கப் போய்வந்தேன். முதல் நாள் பெயர், ஊர், வந்த வழி எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். தடுப்பில் என்ன நடந்தது என்று கேட்டதும், “அடிச்சவங்கள்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த முறையும் அப்படியே. நான்காவது மாதம், தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே சட்டைக் கைப்பொத்தானைக் கழற்றி முழங்கை வரை மடித்துவிட்டார். வட்ட வட்டமாகச் சூட்டுத் தழும்புகள். வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. அதன் பிறகுதான் மருத்துவச் சான்று, அதன் பிறகுதான் வழக்கு திரும்பியது. 12 வாரத்தில் முடித்திருந்தால், அவருடைய கோப்பில் இருந்திருப்பது “அடிச்சவங்கள்” என்ற ஒரே சொல்தான்.

2024 ஏப்ரல் 10 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டங்கள் மீது வாக்கெடுப்பு நடந்தபோது பார்வையாளர் மாடத்தில் இருந்து காகித விமானங்கள் பறந்தன. “இந்த ஒப்பந்தம் கொல்கிறது, எதிர்த்து வாக்களியுங்கள்” என்று அங்கிருந்த எதிர்ப்பாளர்கள் கத்தினார்கள். எல்லை நடைமுறை அடங்கிய புகலிட நடைமுறைச் சட்டம் 301க்கு 269 என்ற கணக்கில் நிறைவேறியது. அவ்வளவு கிட்டத்தில்.

இனி அந்தச் சட்டத்தைத் திறந்து மறுபடி பேரம் பேசினால், இன்றைய அரசியல் காற்றில் இதைவிட மோசமானதுதான் வரும் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குள்ளேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் முதல் கட்டத்தில் விண்ணப்பதாரருக்குச் சட்டம் உறுதி செய்வது இலவச ஆலோசனை மட்டுமே. அரசுச் செலவில் வாதாட ஒரு வழக்கறிஞர் மேல்முறையீட்டில்தான். முதல் கட்டத்திலேயே வழக்கறிஞரைக் கொடுக்க விரும்பும் நாட்டை எந்த விதியும் தடுக்கவில்லை. நடைமுறைக்கு வரும் தேதியாகக் குறிக்கப்பட்டது 2026 ஜூன் 12. ஐரோப்பாவில் உங்களுக்கு வாக்குரிமை இருந்தால், உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இந்த ஒன்றையாவது எழுதிக் கேளுங்கள். நான் எழுதியிருக்கிறேன்.