வீட்டில் செய்யும் சர்க்யூட் போர்டில் துளைக்குள் செம்பு ஏற்ற முடியுமா?

கேள்வி: “இரண்டு பக்கமும் செம்பு உள்ள போர்டில் பக்கங்களை இணைக்கத் துளை போட்டு, துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் மின்சாரம் விட்டேன். மேல்பரப்பில் செம்பு ஏறுகிறது, துளைக்குள் ஏறவே இல்லை. என்ன செய்வது?”

முடியும் தம்பி. துளைச் சுவர் வெறும் கண்ணாடி நாரும் எபாக்ஸிப் பிசினும்தான். மின்சாரம் போகாத இடத்தில் செம்பு படியாது. முதலில் அந்தச் சுவரை மின்சாரம் கடத்த வைக்க வேண்டும். பாதி வேலை அதுதான்.

நான் மலேசியாவில் பாடாங் செராயில் இருக்கிறேன், கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முலாம் பிரிவில் வேலை. அங்கே பெர்மாங்கனேட்டில் துளையைச் சுத்தம் செய்து, பல்லேடியம் படியவிட்டு, மின்சாரமே இல்லாமல் மெல்லிய செம்புப் படலம் ஏற்றிய பிறகுதான் மின்முலாம். அந்தக் கரைசலில் ஃபார்மலின் இருக்கும். வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

வீட்டில் கார்பன் மை போதும். மிக நைசான கிராஃபைட் தூளை லாக்கர் வார்னிஷில் நீர்க்கக் கலந்து துளைகளில் இறங்கும்படி தேய்த்து, உடனே அடியில் வேக்குவம் வைத்து உறிஞ்சிவிடுங்கள். துளை அடைபடக் கூடாது, சுவரில் மட்டும் கறுப்பாக ஒட்டியிருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் மேல்பரப்பில் உள்ள மையை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். துளையின் விளிம்பில் பளிச்சென்று செம்பு தெரிய வேண்டும். அங்கிருந்துதான் புதுச் செம்பு இரண்டு பக்கமும் உள்ளே ஊர்ந்து போய் நடுவில் சேரும். மழுங்கிய டிரில் போட்ட துளையில் மை சீராகப் பிடிக்காது. கார்பைடு டிரில் வாங்குங்கள்.

கரைசல்: ஒரு லிட்டருக்குத் துத்தம் 70 கிராம் (இங்கே உரக் கடையில் மலாயில் தெருசி என்று கேளுங்கள்), பாதிக்குச் சற்றுக் குறைவாக பேட்டரி ஆசிட், மீதி காய்ச்சி வடித்த நீர். செம்பு குறைவாகவும் ஆசிட் அதிகமாகவும் இருந்தால்தான் துளையின் நடுப்பகுதிக்கும் சீராகப் போகும். தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். கண்ணாடி, கையுறை கட்டாயம். தோட்ட வீடுகளில் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் இருக்கும். அது ஃபார்மிக், இதற்கு ஆகாது.

போர்டு நெகடிவ், இரு பக்கமும் செம்புத் தகடு பாசிடிவ். தகட்டைத் துணிப்பையில் கட்டுங்கள், கசடு துளைக்குள் போகாது. மீன்தொட்டி பம்பால் காற்று விடுங்கள். 10 செ.மீ. சதுரப் போர்டுக்கு முதலில் அரை ஆம்பியர். துளைக்குள் செம்பு நிறம் முழுதாகத் தெரிந்ததும் 2 ஆம்பியர், 2 மணி நேரம். ஏறக்குறைய 25 மைக்ரான் ஏறும், நாங்கள் தொழிற்சாலையில் எதிர்பார்க்கும் கனமும் அவ்வளவுதான். அவசரப்பட்டு ஆம்பியரைக் கூட்டினால் விளிம்பு தடித்து, நடு மெலிந்துவிடும். துளை சுருங்கும் என்பதால் டிரிலை 0.1 மி.மீ. பெரிதாக எடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அப்புறம். லேசர் பிரிண்ட் டோனரைப் போர்டில் ஒட்டவைத்து எட்ச் செய்தால் (வேண்டாத செம்பை அரித்து எடுத்தால்), அமிலம் துளைக்குள் புகுந்து ஏற்றிய செம்பையெல்லாம் தின்றுவிடும். அதற்குப் பதில் டிரை ஃபிலிம் (வெளிச்சத்தில் இறுகும் மெல்லிய படலம்) ஒட்டுங்கள். அது துளையின் இரண்டு வாயையும் மூடிவிடும்.

நாலைந்து துளைதான் என்றால் இந்தப் பாடே வேண்டாம், கம்பி நுழைத்து இரு பக்கமும் ஈயம் வையுங்கள்.

பழைய கரைசலை வாய்க்காலில் கொட்டாதீர்கள், செம்பு மீனைக் கொல்லும். சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நுரைத்து அடங்கி, செம்பு நீலப்பச்சை வண்டலாக இறங்கும். வடிகட்டி, காயவைத்துத் தனியே வையுங்கள்.

முதல் போர்டில் ஒரு துளையைப் பலி கொடுத்து நடுவில் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து லென்ஸில் பாருங்கள். நடுவில் கோடு விட்டுப் போயிருந்தால் மை போதவில்லை. இரண்டாம் முறை பூசிக் காயவைத்துத் தொடங்குங்கள்.