ஏசியின் சூட்டை நிலத்தில் இறக்குவது எப்படி? திருகோணமலைக் கேள்விகளுக்குப் பதில்

ஏசி தள்ளும் சூட்டைக் காற்றில் விடாமல், குழாயில் ஓடும் தண்ணீர் வழியே நிலத்துக்குள் இறக்கும் முறைபற்றி வந்த கேள்விகள் இவை.

நிலாவெளி: அண்ணா, எங்கள் வளவு பெரிசு. ஆழமாகத் துளைக்காமல், வாய்க்கால் வெட்டிக் குழாயைச் சுருளாகப் புதைத்தால் போதாதா?

கடற்கரை மணலில் வேண்டாம், தம்பி. மணல் மணிகளுக்கு இடையே தண்ணீர் நின்றால் சூடு நன்றாக நகரும். காற்று நின்றால் நகராது. மாரியில் சுருள் ஒழுங்காக வேலை செய்யும். கச்சான் காற்று அடித்து மணல் காயும் மாதங்களில், ஏசி அதிகம் தேவைப்படும் நேரத்தில், அது கைவிட்டுவிடும்.

உவர்மலை: எங்களுக்குக் கீழே பாறை. துளையிட்டு யு வடிவக் குழாய் இறக்க எத்தனை மீற்றர் வேண்டும்?

12,000 பிடியூ ஏசி அறையில் இருந்து எடுப்பது 3.5 கிலோவாற். கொம்பிரசரின் சூடும் சேர நிலத்துக்குப் போவது ஏறக்குறைய 4.3 கிலோவாற். துளையின் ஒரு மீற்றருக்கு 50 வாற் என்ற வழக்கமான கணக்கில் 86 மீற்றர் வரும். ஆனால் அது குளிர் நாட்டுக் கணக்கு. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க அதே நிலத்தில் இருந்து வெப்பத்தைத் திரும்ப எடுப்பார்கள், நிலம் ஆறிவிடும். இங்கே நிலமே 28 பாகைக்குக் கிட்ட. வருடம் முழுக்கப் போடுவதுதான், எடுப்பது கிடையாது. அதனால் நீளத்தைக் கூட்டுங்கள், துளைகளுக்கு இடையே 6 மீற்றராவது விடுங்கள். இறங்கும் குழாயும் ஏறும் குழாயும் உள்ளே ஒட்டக் கூடாது. இடைவெளிக் கிளிப் போட்டு, சிலிக்கா மணல் கலந்த பெண்டோனைட் (தண்ணீரில் ஊதும் களிமண்) களியை அடியில் இருந்து மேலே நிரப்பச் சொல்லுங்கள். வெறும் பெண்டோனைட் சூட்டை அவ்வளவாகக் கடத்தாது.

உப்புவெளி: விடுதி நடத்துகிறேன். கிணற்றுத் தண்ணீரையே நேரே ஓடவிட்டால்?

நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான், அக்கா. 12,000 பிடியூ ஏசி ஒன்றுக்கு நிமிடத்துக்கு 12 லீற்றர் எடுத்து, 5 பாகை சூடேற்றித் திருப்பினால் சரி. அதை வடிகாலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் நிற்கிறது. எடுத்துக்கொண்டே இருந்தால் உப்பு ஏறி அயல்வீட்டுக் கிணறும் கெட்டுப்போகும். தள்ளி இரண்டாவது கிணறு வெட்டி, முழுவதையும் அதில் இறக்குங்கள். தண்ணீர் ஏற்கெனவே சவர் என்றால் செப்புக் குழாய் அரித்துவிடும். குப்ரோநிக்கல் (செப்பும் நிக்கலும் கலந்த உலோகம்) அல்லது டைட்டேனியம் குழாய் கேளுங்கள். அப்புறம், சூட்டில் ஒரு பங்கை விருந்தினர் குளிக்கும் சுடுதண்ணீருக்குத் திருப்பலாம், நிலத்துக்கும் பாரம் குறையும்.

கன்னியா: வெந்நீர்க் கிணறுகளுக்குப் பக்கத்தில் காணி இருக்கிறது. லாபமா?

இல்லை. சூட்டை இறக்கக் குளிர்ந்த நிலம்தான் வேண்டும். அந்த ஏழு கிணறுகளுக்கும் நீர் ஆழத்தில் இருந்து பாறை வெடிப்புகள் வழியே ஏறி வருகிறது. அதன் பாதையைக் குலைக்கும்படி அருகில் எதையும் துளைக்காதீர்கள்.