நலங்கு மாவுக்குச் சரக்கு வாங்கும்போது

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். அம்மா ஊரிலிருந்து அனுப்பிவந்த நலங்கு மாவை இனி நானே தயாரிக்க நினைக்கிறேன். இங்கே கஸ்தூரி மஞ்சள் கேட்டால் கடைக்கு ஒன்றாகக் காட்டுகிறார்கள். பாக்கெட் பொடியோ பிரித்ததுமே வீடெல்லாம் மணக்கிறது. எதை நம்பி வாங்குவது? எட்டு மாதக் குழந்தைக்கும் தேய்க்கலாமா?

பதில்: எல்லாவற்றையும் முழுச் சரக்காகவே வாங்குங்கள். கிழங்கை உடைத்துப் பார்க்கலாம், வேரை முகர்ந்து பார்க்கலாம்; பொடியாகிவிட்டால் கடைக்காரர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்காது. பிரித்ததும் வீடெல்லாம் மணக்கும் பொடியை நான் வாங்கமாட்டேன். வெட்டிவேரும் பூலாங்கிழங்கும் தண்ணீர் பட்டுக் குழைந்த பிறகுதான் நன்றாக மணம் விடும். உலர்ந்த பொடியே அப்படி மணக்கிறதென்றால் அதில் சென்ட் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

நம் ஊர் நாட்டு மருந்துக் கடைக்குக் கன்னடத்தில் கிரந்திகெ அங்கடி என்று பெயர். அவென்யூ சாலை, சிக்பேட்டை பக்கம் விசாரித்தால் கிடைக்கும். பெயர் மாறுவதால்தான் பல நேரங்களில் சரக்கும் மாறிவிடுகிறது. வெட்டிவேரை லாவஞ்சா என்றும், கிச்சிலிக்கிழங்கைக் கச்சோரா என்றும், கார்போகரிசி என்ற விதையைப் பாவஞ்சி என்றும் கேளுங்கள். கஸ்தூரி மஞ்சளுக்குக் கஸ்தூரி அரிஷினா என்பது பெயர், ஆனால் பெயரை மட்டும் நம்பி அதை வாங்க முடியாது. உண்மையான கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உள்ளே வெளிர் நிறமாக இருக்கும், கற்பூரத்தை நினைவூட்டும் வாசம் வரும், தோலில் மஞ்சள் கறை ஏறாது. அதே பெயரில் வட்டத் துண்டுகளாக விற்கப்படுவது பெரும்பாலும் வேறொரு காட்டு மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள் நிறப் பொடியாகக் கொடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அளவு அவரவர் வீட்டு வழக்கம்தான். அரைக்கிலோ பாசிப்பயறு, கால்கிலோ கடலைப்பருப்பு, நூறு கிராம் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் ஆகியவை ஐம்பது ஐம்பது கிராம் என்று தொடங்கிப் பாருங்கள். பூமாலைக்கு விற்கும் ரோஜாவில் பூச்சிமருந்து தெளித்திருக்கலாம் என்பதால் அது வேண்டாம். வெட்டிவேரைக் கத்தரியால் சிறிதாக நறுக்கி மொறுமொறுப்பாகக் காயவைத்தால்தான் அரைபடும். மில்லில் கொடுக்கும்போது மிளகாய் அரைத்த எந்திரமா என்று கட்டாயம் கேளுங்கள். கேட்காமல் கொடுத்துவிட்டு முகம் எரிந்தவர்களை நான் அறிவேன். சந்தனம் சேர்ப்பதானால் மலிவான சந்தனப் பொடியை வாங்காமல், மகாத்மா காந்தி சாலையில் உள்ள காவேரி எம்போரியம் போன்ற அரசு விற்பனை நிலையத்தில் ரசீதோடு ஒரு சிறு கட்டை வாங்கி, வேண்டும்போது கல்லில் இழைத்துக்கொள்ளுங்கள்.

கார்போகரிசியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டபின் வெயிலில் நின்றால் தோல் கன்றி, கருத்து, சில சமயம் கொப்புளமும் வரும். பழைய குறிப்புகளில் இருக்கிறது என்பதற்காக அள்ளிப் போடாதீர்கள். அன்றாடக் குளியலுக்கு அது இல்லாமலே மாவு நன்றாக இருக்கும். எட்டு மாதக் குழந்தைக்கு இந்த மாவு எதுவுமே வேண்டாம். பொடி பறந்து மூச்சில் ஏறக்கூடும், மென்மையான தோல் உராயும். வேறு எதைத் தேய்ப்பதானாலும் குழந்தையின் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: வீட்டில் சோப்பு செய்ய, "நூறு சதவீதம் தூய மல்லிகை எசென்ஷியல் ஆயில்" என்று போட்டிருந்த 15 மில்லி புட்டியை இணையத்தில் 199 ரூபாய்க்கு வாங்கினேன். கையில் தடவிப் பார்த்ததும் தடித்துவிட்டது. திறந்த புட்டியைத் திரும்பப் பெறமாட்டோம் என்கிறார்கள்.

பதில்: மல்லிகையின் மணம் கொதிநீராவியின் சூட்டைத் தாங்காது. அதனால் கரைப்பான் கொண்டு எடுக்கும் அப்சல்யூட் என்ற வடிவில்தான் அது பெரும்பாலும் வரும். விலையும் மிக அதிகம். ரோஜா எண்ணெயின் விலையும் அப்படித்தான்: ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ மூன்று முதல் நான்கு டன் இதழ்கள் தேவை. எனவே 199 ரூபாய்க்கு உங்களுக்கு வந்தது ஃபிராக்ரன்ஸ் ஆயில் எனப்படும் செயற்கை மணமாகத்தான் இருக்க முடியும். அதை அந்தப் பெயரிலேயே விற்றிருந்தால் தவறில்லை. தூயது என்று எழுதி விற்றதுதான் குற்றம். அடுத்த முறை லேபிளில் செடியின் தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான எண்ணெயையும் நேராகத் தோலில் தடவக் கூடாது. நூறு கிராம் சோப்புக்கு ஒரு மில்லி போதும்.

புட்டி, பெட்டி, பில், விளம்பரப் பக்கத்தின் படம், கையில் தடித்த இடத்தின் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் தீரவில்லையென்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் நான் செய்யும் குளியல் பொடியை விலைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: விற்பனைக்காகச் செய்தால் அது அழகுசாதனத் தயாரிப்பு, 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சமையலறையில் வைத்து அதைப் பெறுவது கடினம். ஏற்கெனவே உரிமம் உள்ள தயாரிப்புக்கூடத்தில் உங்கள் பொடியைச் செய்துகொள்ள லோன் லைசென்ஸ் என்றொரு வகை இருக்கிறது. சிறிய அளவில் தொடங்குபவருக்கு அதுவே எளிது, துறை அலுவலகத்தில் அதைக் கேட்டு விண்ணப்பியுங்கள்.