அடுக்கு ரோஜாவும் கற்றாழைப் பூவும்

அன்புள்ள ஐயா,

ஜூலை விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் தாவரவியல் பூங்காவுக்குப் போயிருந்தோம். அங்கே கற்றாழைப் பூக்களில் தேனீக்கள் மொய்த்துக் கிடந்தன. டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு அடுக்கு ரோஜாவை ஒரு தேனீகூட எட்டிப் பார்ப்பதில்லை. ஏன் இப்படி? முற்றத்தில் என்ன வைக்கலாம்? ஒரு தேனீப் பெட்டியும் வைக்கலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

ரோஜாவுக்குத் தேனீ வருவதே மகரந்தத்துக்காகத்தான். அடுக்கு ரோஜாவில் மகரந்தம் தர வேண்டிய கேசரங்கள் பெரும்பாலும் இதழ்களாக மாறிவிட்டன. பிறகு தேனீ எதற்கு வரும்?

பூந்தேன் பறப்பதற்கான தெம்பு. மகரந்தம் புழுக்களை வளர்ப்பதற்கான புரதம். மகரந்தம் அற்றுப்போனால் கூட்டில் புழு வளர்ப்பே நின்றுவிடும். கற்றாழை இரண்டையும் தருகிறது, அதுவும் வேறு பூக்கள் அருகிவிடும் வறண்ட குளிர்காலத்தில். பிரிட்டோரியாவுக்கு வடக்கே கற்றாழை பூக்கும் வெளிகளுக்குத் தேனீ வளர்ப்போர் பெட்டிகளை லாரியில் ஏற்றிப் போவது இதற்காகத்தான். முற்றத்துக்குப் பூ தேர்ந்தெடுக்கும்போது அழகைவிட மாதத்தைப் பாருங்கள் என்பேன். வசந்தத்தில் தேனீக்கு எங்கும் விருந்து. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில்தான் பசி.

1849 முதல் இருக்கும் அந்தப் பூங்காவுக்கு மாதம் ஒருமுறை போய்வாருங்கள். தேனீ உட்காரும் செடியின் பெயர்ப்பலகையைக் குறித்துக்கொண்டு நர்சரியில் கேளுங்கள். ஸ்ட்ரெலிட்சியா (சொர்க்கப் பறவைப் பூ) போன்றவற்றை விட்டுவிடலாம், அவை தேன்சிட்டுக்கான பூக்கள்.

நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இயல்பாகவே வளரும், புதராகக் கிளைக்கும் கற்றாழை ஒன்று உண்டு (Aloe arborescens). முதலில் அதை வையுங்கள். மற்றபடி முருங்கை, துவரை, துளசி எல்லாம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பவைதானே! துளசியில் கதிர் வந்ததும் கிள்ளிவிடுகிறோம். ஒரு செடியையாவது கிள்ளாமல் விடுங்கள், தேனீ தானே தேடி வரும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து மட்டும் அடிக்கவே கூடாது.

பெட்டி வேண்டாம் அம்மா. இங்குள்ளது ஆப்பிரிக்கத் தேனீ; சீண்டினால் கூட்டமாகத் துரத்திக் கொட்டும். சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பவை, பிள்ளைகள் விளையாடும் இடம். பெட்டி வைப்போர் அரசின் விவசாயத் துறையில் பதிவும் செய்ய வேண்டும். நாட்டின் தென்மேற்கே உள்ள கேப் பகுதித் தேனீக் கூட்டத்தை யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். 1990 வாக்கில் அங்கிருந்து வடக்கே கொண்டுபோன பெட்டிகளிலிருந்துதான் அங்குள்ள தேனீக் கூடுகளுக்குப் பெரும் அழிவு பரவியது. கேப் வேலைக்காரத் தேனீ ஆண் துணையில்லாமலே முட்டையிட்டுப் பெண் தேனீக்களை உண்டாக்கும். அயல் கூட்டுக்குள் புகுந்து இப்படியே பெருகி, அந்தக் கூட்டையே சாகடித்துவிடும்.